மலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்

1

வெளிநாட்டில் இருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அம்பாசமுத்திரத்தில் என் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு மறுபக்கம் இருக்கிறேன், அவ்வளவுதான். பறவை ஒரு காலைப்பொழுதில் வந்துவிடும். பேருந்து நாகர்கோவிலைச் சுற்றிக்கொண்டு வர அரை நாள் ஆகும். ஆனாலும் திருவனந்தபுரத்தில் குடியேறிய எங்கள் பக்கத்துக்காரர்கள் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது ‘அங்கே’, ‘இங்கே’ என்ற சொற்களைத் துபாயில் இருப்பவர்கள் சொல்கிற மாதிரியேதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான்.

என் மனைவி பேச்சியம்மாள் இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய மரணச் சான்றிதழில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் செய்தது நான்தான். இந்தக் குறிப்புகளை எழுத நேர்ந்ததும் அதனால்தான்.

இங்கே வீட்டுப்பெயர் என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தகப்பன் பெயரைக் கேட்கும் இடத்தில் கேரளத்தில் வீட்டுப்பெயரைக் கேட்பார்கள். ரேஷன் அட்டையில், பள்ளிச் சேர்க்கையில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் அது வேண்டும். இங்குள்ளவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வருவது. எங்களைப் போல வந்து சேர்ந்தவர்கள் கவுண்டரில் நிற்கும்போது யோசித்து ஒன்றைச் சொல்வோம். சிலர் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் பதற்றத்தில் தன் சொந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு இன்றுவரை ‘வள்ளியூர்’ என்ற வீட்டில் குடியிருக்கிறார். நேமம் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் ‘பொதிகை’ என்று பெயர். கேட்டுக்குப் பக்கத்தில் கருங்கல் பலகையில் மலையாள எழுத்தில் கொத்தியிருக்கிறது.

நான் இந்த நகரத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் டெஸ்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெஸ்க் என்பது மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்தியைத் திருத்துகிற இடம். அங்கே ஒரு மலைக்கு ஒரு பெயர்தான். நேற்று ஒரு பெயரும் இன்று வேறொரு பெயரும் வந்தால் வாசகர் இரண்டு மலைகள் என்று நினைத்துக்கொள்வார். எங்கள் பத்திரிகை ஏற்றுக்கொண்ட பெயர் ‘அகஸ்தியமலா’. உச்சிக்கு மட்டும் ‘அகஸ்தியார்கூடம்’. தெற்கிலிருந்தும் தென்காசிப் பக்கத்திலிருந்தும் நிருபர்கள் ‘பொதிகை’ என்று எழுதி அனுப்புவார்கள். அதை அடித்து அகஸ்தியமலா என்று போடுவேன். பார்க்காமலே போடும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

பேச்சி இறந்த அன்று மருத்துவமனையில் பதிவுக்கான தாளைக் கொடுத்தார்கள். பெயர், வயது, கணவர் பெயர் எழுதினேன். வீட்டுப்பெயர் என்ற இடத்தில் ‘அகஸ்தியமலா’ என்று எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை, நேராகவே அப்படி எழுதினேன். பிறகு ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்தேன். பிழையில்லாமல் இருப்பதாகத் தோன்றியது. கையெழுத்திட்டேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. எங்கள் பத்திரிகைக்கு நானே இரங்கல் குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒரு சொல்கூட வெட்டாமல் போட்டதாக டெஸ்கில் இருந்த பையன் சொன்னான்.

வீடு அவள் பெயரில் இருந்தது. அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ்; கடன் அவள் சம்பளத்தில்தான் கிடைத்தது. வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோதுதான் பிழை வெளியே வந்தது. அந்தப் பிரிவில் இருந்த குமாஸ்தா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தமிழர்களிடம் பேசும்போது இங்குள்ள அலுவலர்கள் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார்கள். அவரும் அதைத்தான் பேசினார்.

“ஸாரே, இவங்க மரிச்சது அகஸ்தியமலாயில். வீடு இருக்கிறது பொதிகையில். நான் எந்தா செய்யும்?”

“ரெண்டும் ஒரே மலைதான்” என்றேன்.

“அது ஜியாக்ரஃபி. இது ரெவென்யூ.”

பக்கத்து மேசையில் இருந்த அம்மாள் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை. இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, வில்லேஜ் ஆபீஸில் விண்ணப்பித்து, ஆள் வந்து விசாரித்து, அக்கம்பக்கத்தில் இருவரிடம் வாக்குமூலம் வாங்கி, இரண்டும் ஒரே வீடு என்று சான்று தருவது. அதற்குக் காலம் பிடிக்கும்; கிடைக்காமலும் போகலாம்.

“இன்னொண்ணு எளுப்பம். வீட்டுப் பேரை மாத்திக்கோங்க. அகஸ்தியமலான்னு ஒரு போர்டு வையுங்க. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்லேந்து ஒரு லெட்டர். தீர்ந்நு.” பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “மரிச்சவரைத் திருத்துறது பாடாணு ஸாரே. வீட்டைத் திருத்துறது ஈஸி.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

2

எங்கள் ஊரான அம்பையில் இருப்பவர்கள் கேட்கலாம், ஒரு பெயருக்கு என்ன இவ்வளவு என்று. அண்ணன் கேட்டே விட்டான். “எலே, பொதிகைன்னா என்ன, அகத்தியமலைன்னா என்ன? மழை பெஞ்சு ஆத்துல தண்ணி வந்தாச் சரிதாம்லா.” தாமிரபரணிக் கரையில் வயல் வைத்திருப்பவன் அப்படித்தான் பேசுவான்.

தொழில் காரணமாக இந்த மலைத்தொடரின் பெயர்களை நான் கொஞ்சம் விசாரித்திருக்கிறேன். எதற்கும் முடிவான பதில் கிடைத்ததில்லை.

பொதிகை என்பதற்குப் பழைய வடிவம் பொதியில். பொதியம் என்றும் வரும். பொது இல், அதாவது எல்லாரும் கூடுகிற இடம் என்று சிலர் பிரிக்கிறார்கள். பொதியில் என்றால் மன்றம் என்று பழைய பொருளும் உண்டு. பொதிந்து கிடப்பது என்று வேறு சிலர் சொல்கிறார்கள்; மேகமோ மூலிகையோ, அவரவர் விருப்பம். பௌத்தர்கள் இங்கே இருந்தார்கள், போதியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வது ஆதாரமற்றது என்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் டெஸ்கில் ‘என்று கூறப்படுகிறது’ என்று சேர்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

மலைக்கு இந்தப் பக்கம் மொத்தத் தொடருக்கும் ‘சஹ்யன்’ என்று பெயர். ஓர் ஆளைச் சொல்வதுபோல ஆண்பாலில் சொல்கிறார்கள். வடமொழியில் சஹ்யம் என்றால் பொறுக்கக்கூடியது. சஹ்யாத்ரி, பொறுத்துக்கொள்கிற மலை. எதைப் பொறுத்தது என்று கேட்டால் மழையை, காற்றை, கடலை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் ‘காட்ஸ்’ என்பது இன்னும் விசித்திரம். ‘காட்’ என்பது படித்துறை, மலையில் ஏறி இறங்கும் வழி. வடக்கே கடற்கரையில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள், மலையைக் கடக்கும் கணவாய்க்கு உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரை எடுத்து மலை முழுவதற்கும் வைத்துவிட்டார்கள். வாசல் படியின் பெயரை வீட்டுக்கு வைத்ததுபோல. அதைத்தான் நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். நான் தினமும் காலையில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்கக் கிழக்கே திரும்புகிறேன்.

திசைப் பெயர்களும் இந்த மலையால் வந்தவைதான் என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மலை இருப்பது மேல் பக்கம், அது மேற்கு. தண்ணீர் இறங்கிப் போவது கீழ்ப்பக்கம், அது கிழக்கு. இந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ். மலை சூரியன் உதிக்கும் திசையில் நிற்கிறது, கடல் மறுபுறம். ஆனாலும் மலையாளத்தில் மலை நிற்கிற திசைக்குக் கிழக்கு என்றே பெயர். கடலை மேல் என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. அந்தத் திசைக்குப் பெரும்பாலும் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள், ஞாயிறு படிகிற பக்கம். ஒரு சொல்லை மாற்றிக்கொண்டார்கள். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டார்கள். எப்போதோ யாரோ மலையைத் தாண்டி வந்தபோது பழைய திசையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களும் ஊருக்குச் செய்தி அனுப்பியபோது அங்கே, இங்கே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இத்தனை பெயரிலும் நான் கவனித்தது ஒன்றுதான். எல்லாம் கீழே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். தூரத்திலிருந்து விரல் நீட்டிக் காட்டுவதற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது.

3

பேச்சி மலைமேல் பிறந்தவள். போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறிப் போனவர்கள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபேக்டரியில் இருந்தார். விதுரையில் பள்ளிக்கூடம், திருவனந்தபுரத்தில் நர்சிங் படிப்பு. டெஸ்குக்கு வரும் முன் ஒரு விபத்துச் செய்திக்காக நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, வார்டுக்குள் விடாமல் என்னைத் தமிழில் விரட்டினாள். அப்படித்தான் பழக்கம்.

கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டேன், உங்கள் எஸ்டேட்டில் அந்த மலைக்கு என்ன பெயர் என்று. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

“எந்த மலைக்கு?”

“நீங்க இருந்த மலைக்கு.”

“அதுக்கு எதுக்குப் பேரு? வழுக்குப்பாறைக்குப் பேரு உண்டு. யானை எறங்குற ஓடைக்குப் பேரு உண்டு. மேக்காடு, சங்கிலித் திருப்பம், எல்லாத்துக்கும் உண்டு. மொத்தத்துக்குமா வைப்பாக?”

வீடு கட்ட பிளான் கொடுத்தபோது வீட்டுப்பெயர் கேட்டார்கள். நான் அகஸ்தியமலா என்றுதான் சொன்னேன். எங்கள் இருவர் ஊருக்கும் பொதுவான மலை. பத்திரிகையில் வருகிற பெயர். யாருக்கும் சந்தேகம் வராது. கூட நின்றவள் என் முழங்கையைத் தொட்டாள்.

“பொதிகைன்னு எழுதுங்க.”

“ஏன்?”

“உங்க வீட்டு மச்சில நின்னா அப்படித்தானே சொல்லுவீங்க. அன்னைக்குக் காட்டுனீங்கள்லா. இங்க இருந்து பாத்தா அது முதுகுதான் தெரியுது. மொகம் அந்தப் பக்கம்லா இருக்கு.”

“அப்போ உன் பக்கம்?”

“எனக்குப் பக்கமே இல்லியே” என்று சிரித்தாள். “நான் மேல இருந்தேன்.”

மகளுக்குப் பெயர் வைத்தது என் அம்மா. பேச்சிக்கு அவளுடைய பாட்டி பெயர். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட யாருக்கும் வரவில்லை; ‘பேச்சி’ என்று சுருக்கிச் சொல்லவும் கூச்சப்பட்டார்கள். எனக்குத் தெரிந்து அவள் தன் இஷ்டப்படி பெயர் வைத்தது இந்த வீட்டுக்கு மட்டும்தான். கல்லில் தமிழிலும் எழுத வேண்டும் என்றாள். கொத்துகிறவருக்குத் தமிழ் எழுத்து வராது. அதோடு விட்டுவிட்டாள்.

குமாஸ்தா சொன்ன எளிய வழியை நான் எடுக்காததற்கு இதுதான் காரணம். பெரிய துக்கம் எதுவும் அப்போது எனக்குள் இருந்ததாகச் சொல்ல முடியாது. அச்சில் ஏறிவிட்ட பிழையை அடுத்த நாள் திருத்தம் போட்டுச் சரிசெய்யலாம். உண்மையை மாற்றிப் பிழைக்குப் பொருத்துவது எந்தப் பத்திரிகையிலும் கிடையாது. அப்படித்தான் என்னிடம் சொல்லிக்கொண்டேன். வில்லேஜ் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்தேன்.

4

மகள் நித்யா கொச்சியில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறாள். திவசத்துக்காக வந்திருந்தாள். என்னிடம் மலையாளத்தில் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன். வெகுநாளாக இப்படித்தான். தமிழ் அவளுக்குப் புரியும், படிக்க வராது. சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் கையைப் பிடித்து இழுத்து, “அம்ம இவிடெ தமிழ் பறயண்டா” என்று சொன்னாளாம். வேலைக்குப் போகும் வழியில் அவளை விட்டுவிட்டுப் போன பேச்சி, அன்று ராத்திரி அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து பள்ளி வாசலில் அவள் தமிழ் பேசவில்லை.

நித்யாவின் யோசனை இது: நான் அவளோடு கொச்சிக்குப் போய்விட வேண்டும். இந்த வீட்டை வாடகைக்கு விட வேண்டும். அதற்கு முதலில் வீடு எங்கள் பெயருக்கு மாற வேண்டும். நியாயமான யோசனை. தனியாக இருக்கும் ஓர் ஆணின் சமையலை அவள் வந்து பார்த்தாள்.

திவசத்துக்கு மறுநாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது, வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஆள் வரப்போவதைச் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்பா, போர்டு மாத்தியா மதியல்லோ. ரண்டும் ஒரே மலயல்லே? ஆரானு அது வாயிக்கான் போணே?” போர்டை மாற்றினால் போதுமே, யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்கிறாள்.

“அம்மா வச்ச பேரு.”

“அம்மைக்கு அதொரு பேரு மாத்ரம்.”

“இல்ல.”

பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“நீங்க தானே அப்பா வெட்டினது? பேப்பர்ல எல்லா நாளும் பொதிகை வெட்டினீங்க. அன்னிக்கு அம்மாவுக்கும் வெட்டினீங்க. இப்போ ஏன்?”

சரியான கேள்வி. ஒரு நல்ல நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சட்னியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

5

வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்தவர் இளைஞர். பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைத் தூணில் மாட்டினார். அக்கம்பக்கத்தில் இருவர் வேண்டும் என்றார். நானே கூட்டிவரக் கூடாது, அவரே கூப்பிடுவார்.

எனக்குத் தெருவில் யாரையும் நன்றாகத் தெரியாது. டெஸ்க் வேலை பிற்பகலில் தொடங்கும்; தெரு விழித்திருக்கும் நேரத்தில் நான் தூங்கினேன், தெரு தூங்கியபின் வந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் கூப்பிட்டு வந்த இருவரில் ஒருவர் பக்கத்து வீட்டு சசி, பஸ் டிரைவராக இருந்தவர். இன்னொருவர் எதிர்வீட்டு முன்னறையில் பாலும் முட்டையும் விற்கிற லீலாம்மா. இருவரும் வராந்தாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். நித்யா கதவருகே நின்றாள்.

அலுவலர் சசியிடம் கேட்டார்: “ஈ வீட்டின்றே பேரு எந்தா?”

சசி கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“நோக்கி வாயிக்கண்டா சேட்டா. அறியாமோ?” பார்க்காமலே தெரியுமா என்கிறார்.

“அது… போ… பொதி…” சசி தலையைச் சொறிந்தார். “சத்தியம் பறஞ்ஞா அறியில்ல.”

“இத்தர கொல்லம் பக்கத்து வீட்டில் இருந்நிட்டோ?” இத்தனை வருடம் இருந்துமா என்று அலுவலருக்கு வியப்பு.

“பேரு எந்தினா? சிஸ்டர்டே வீடு. எல்லாரும் அங்ஙனெயா பறயுந்நது.”

எனக்கு எதிராகப் போகிறது என்று தெரிந்தது. வந்தவர் எழுதிக்கொண்டார். லீலாம்மாவிடம் திரும்பினார். லீலாம்மா கேட்பதற்கு முன்பே பேசினாள்.

“சிஸ்டர்டே வீடுன்னு இப்பப் பறயுந்நதா. ஆத்யமொக்கெ பாண்டி சிஸ்டர்டே வீடு.”

முதலில் பாண்டி சிஸ்டர் வீடு என்றுதான் சொன்னார்களாம். சசி தரையைப் பார்த்தார். ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது: மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களை இந்தப் பக்கம் பாண்டி என்பார்கள். ஓர் அரச வம்சத்தின் பெயர்தான். சொல்கிற வாயில் அப்படி இருக்காது. கூலிக்கு வருகிறவன், அழுக்கு, சத்தம், எல்லாம் அதில் அடக்கம். எங்கள் பத்திரிகையில் அச்சில் விடமாட்டோம்.

நித்யா முன்னால் வந்தாள். “லீலாம்மே, எந்தா ஈ பறயுந்நே? ஸாரே, அதொந்நும் எழுதண்டா.”

“எந்தரு அப்பீ நீ சூடாவுந்நே?” அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று லீலாம்மாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. “ஞங்ஙள் இட்ட பேரல்ல. நின்றே அம்ம தன்னெ எல்லார்க்கும் பறஞ்ஞு கொடுத்ததா.”

அந்தப் பெயரை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது பேச்சியேதானாம். பிறகு லீலாம்மா சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். தெருவில் ஊசி போட வேண்டியவர்கள், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள், சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் என்று பேச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இந்த வராந்தாவுக்கு வருவார்களாம். அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வருவார்களாம். வழி தெரியாமல் ஆட்டோக்காரர்கள் சுற்றுவார்கள். வீட்டுப்பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. அப்போது பேச்சி சொன்னாளாம்: “பாண்டி சிஸ்டர் வீடு எவிடெயான்னு கேட்டா மதி. கொச்சுப் பிள்ளேர் வரெ காட்டித் தரும்.” சின்னப் பிள்ளைகள்கூட வழி காட்டும் என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாளாம். பிறகு எப்போதோ, யாரும் தீர்மானிக்காமல், முன்பாதி உதிர்ந்துவிட்டது.

“உதிர்ந்நு போயி” என்றுதான் லீலாம்மா சொன்னாள். நான் திருத்தவில்லை.

நான் இல்லாத நேரங்களில் என் வீட்டு வராந்தாவில் இவ்வளவு நடந்திருக்கிறது. அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அலுவலர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். மேற்படி வீடு பதிவில் பொதிகை என்றும், மரணப் பதிவில் அகஸ்தியமலா என்றும் காணப்படுகிறது. இப்பகுதியில் சிஸ்டரின் வீடு என்று அறியப்படுகிறது. மூன்றும் ஒரே வீடு. அதில் வாழ்ந்த பேச்சியம்மாளைச் சாட்சிகளுக்கு நேரில் தெரியும். வீட்டின் பெயரையே அறியாத சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஆளைத் தெரிந்தால் போதும் என்று அவர் அதை எழுதிவிட்டார். “இது மதி ஸாரே. ஆளை எல்லார்க்கும் அறியாம். வீட்டுப் பேர் மாத்த வேண்டா.”

“ஒண்ணு விட்டிருக்கீங்க” என்றேன். “லீலாம்மா சொன்னது முழுசா இல்ல.”

அவருக்குப் புரிந்தது. “அது… மோசமல்லே ஸாரே? வேணோ?”

“அப்பா!” என்றாள் நித்யா.

“அவங்க வாய்ல வந்தது. மேற்கோள்ல நாம கை வைக்கக் கூடாது” என்றேன்.

அலுவலர் தோளைக் குலுக்கிவிட்டு, வரிக்கு மேலே இடுக்கி ஒரு சொல்லைச் சேர்த்தார். லீலாம்மா கண்ணாடி இல்லாமல், தாளைத் தள்ளிப் பிடித்துக் கையெழுத்திட்டாள். சசி போட்டார். நானும் போட்டேன். பைக் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. வெளியே பொதிகை என்ற கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

நித்யா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். சண்டை போடத்தான் போகிறாள் என்று அவள் நடையில் தெரிந்தது. நான் வராந்தாவிலேயே இருந்தேன். முதலில் அவளுடைய குரல் உயர்ந்து கேட்டது. எப்படி அப்படிக் கூப்பிடலாம் என்பதுபோல ஏதோ. அவளுக்கு அந்தச் சொல் இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைத்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் எதற்குப் பயந்தாள் என்பதை இவ்வளவு காலம் கழித்து அப்போதுதான் யோசித்தேன்.

பிறகு லீலாம்மாவின் குரல் மட்டும் வந்தது, நிதானமாக, நெடுநேரம். இடையில் பால் வாங்க வந்த யாரோ நின்று, அவர்களும் ஏதோ சேர்த்துச் சொன்னார்கள். பேச்சியைப் பற்றித்தான். யாரையோ ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறியவர் என்று சொன்னதுபோல் இருந்தது, சரியாகக் கேட்கவில்லை.

நித்யா சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல் வந்த சிரிப்பு. அது அடங்கும் முன் அழுகிறாளா என்று சந்தேகம் வந்தது. எது என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எழுந்து கேட் வரை போனேன். அங்கேயே நின்றேன். தெருவைத் தாண்டி அந்தக் கடைக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. பாலும் முட்டையும் எப்போதும் பேச்சிதான் வாங்கி வந்தாள். லீலாம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள்.

“சிஸ்டர்டே ஸாரே, இங்கோட்டு வரீ. இதொந்நு கேக்கீ.”

இந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன்.